இரு பட்டமும் ஒரு படிப்பும்: சருவதேசவியலும் சட்டமும் ஒருங்கு கற்றல் பற்றி

பல்கலைக்கழகக் கல்வியில் இக்காலத்துப் பெருகி வருவனவற்றுள் இரட்டைப் பட்டம் என்பது ஒன்று. மாணவனொருவன் ஒரே காலத்தில் இரு துறைகளுக்குப் பதிவு செய்து, அவற்றைத் தனித்தனியே கற்பின் வேண்டப்படும் ஆண்டுகளினும் குறைந்த ஆண்டுகளில் இரு பட்டங்களையும் பெற்று வெளியேறுகின்றான். ஆசுத்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சருவதேசவியலும் சட்டமும் இவ்வாறு இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன. ஐந்தாண்டு, அல்லது அதனிற் சிறிது கூடிய காலம் அதற்கு வேண்டும். இவ்விரு துறைகளும் ஒருங்கு கற்கத்தக்கனவா என்று வினவின் ஆம் என்றே விடை கூறலாம். ஆயின் இன்று கற்பிக்கப்படும் முறையில் அவை உண்மையாகவே ஒருங்கு கற்கப்படுகின்றனவா என்பது வேறு வினா. ஈண்டு ஆராயப் புகுந்தது அவ்விரண்டாம் வினாவையே.

இரு பட்டங்களைக் குறைந்த காலத்தில் முடித்தல் எங்ஙனம் இயலும்? ஒரு துறையிற் கற்கும் பாடங்கள் மற்றைத் துறையின் விருப்பப் பாடங்களாகக் கணக்கிடப்படுகின்றன, அவ்வளவே. எனவே மாணவன் பெறும் ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. சட்டம் மட்டும் கற்பவன் வரலாற்றையோ மெய்யியலையோ தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தை இவன் முன்னரே விற்றுவிட்டான். அது பெருங் குறையன்று. எந்தக் கல்வியிலும் சில கதவுகள் அடைபடும். பெருங் குறை வேறிடத்தில் உள்ளது. காலையில் ஒரு மண்டபத்தில் உடன்படிக்கைச் சட்டம் கற்பிக்கப்படுகின்றது. மாலையில் வேறொரு மண்டபத்தில் வல்லரசுகளின் சமநிலை கற்பிக்கப்படுகின்றது. இரண்டையும் பொருத்தும் வேலை மாணவனிடம் விடப்படுகின்றது. ஆசிரியர்கள் செய்யாத வேலையை இருபது வயதுடைய ஒருவன் தானே செய்துகொள்வான் என எதிர்பார்ப்பது சிறிது மிகையான நம்பிக்கையாகும்.

இப்பிரிவு நெடுங்காலத்ததன்று. சருவதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியப் பதவி முதன்முதல் ஏற்பட்டது 1919 ஆம் ஆண்டில், வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரிலேயாம். முதல் உலகப் போரின் அழிவைக் கண்ட தலைமுறை, சட்டமும் சங்கமும் போரை ஒழிக்கும் என்னும் நம்பிக்கையுடன் அதனை நிறுவியது. அப்பதவியிலேயே பின்னர் அமர்ந்த ஈ. எச். கார், 1939 இல் வெளியிட்ட 'இருபதாண்டு நெருக்கடி' என்னும் நூலில் அந்நம்பிக்கையைக் கடுமையாகச் சாடினார். அவருக்குப் பின் வலிமையே அரசியலின் அடிப்படை என வாதித்துப் பெரும் புகழ் பெற்ற ஹான்ஸ் மோர்கென்தோ, சட்டம் பயின்றவர். சருவதேச நீதிபரிபாலனத்தின் எல்லைகளைப் பற்றி 1929 இல் ஜெர்மன் மொழியில் நூலெழுதியவர். சட்டத்தை விட்டு அரசியலுக்குப் போனவர்கள் சட்டத்தை அறிந்தே போனார்கள். அவர்களின் மாணவர்களோ அறியாமலே போகின்றனர். பிரிவு கெட்டது அங்கேதான்.

எடுத்துக்காட்டின்றி இதனைப் பேசுதல் பயனற்றது. சருவதேசச் சட்ட மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். ஹியூகோ குரோசியஸ் எழுதிய 'சுதந்திரக் கடல்' 1609 இல், ஆசிரியர் பெயரின்றி, லைடன் நகரில் அச்சாயிற்று. கடல் எவருடைய உடைமையும் ஆகாது. எந்த நாட்டினரும் எந்த நாட்டினருடனும் கடல்வழிச் சென்று வாணிகம் செய்யலாம். கீழைத்தேயத்து அரசர்கள் தம் நாடுகளுக்குத் தாமே இறைவர். போப்பாண்டவர் கொடையாலோ முதலிற் கண்டறிந்தோம் என்ற உரிமையாலோ போர்த்துக்கேயர் அந்நாடுகளுக்கு உடையவராகார். இவையே நூலின் சாரம். சாவகமும் இலங்கையும் மொலுக்கத் தீவுகளுட் பலவும் போர்த்துக்கேயருடையன அல்ல என்று கூறுமிடத்து நம் தீவின் பெயரும் அதில் வருகின்றது. சட்ட மாணவன் இதனைக் கடற்சட்டத்தின் ஊற்று எனக் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் செல்கின்றான்.

அவன் வினவாது விட்டது, இந்நூல் ஏன் எழுதப்பட்டது என்பதே. 1603 இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஹேம்ஸ்கெர்க் என்பான் சிங்கப்பூர்க் கடலோரத்தில் 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினான். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அதன் சரக்கு அம்ஸ்தர்தாமில் முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. அது கொள்ளையா, போரிற் பெற்ற நியாயமான பொருளா என ஒல்லாந்தரிடையேயே ஐயம் எழுந்தது. 1602 இல் அமைந்த கிழக்கிந்தியக் கம்பனி தன் செயலைக் காத்துரைக்க ஓர் இளம் வழக்கறிஞரை நாடிற்று. அவரே குரோசியஸ்; அப்பொழுது அவருக்கு இருபது வயது சிறிது கடந்திருந்தது. அவர் எழுதிய நீண்ட உரையின் ஓர் அதிகாரமே பின்னர் 'சுதந்திரக் கடல்' ஆயிற்று. முழு உரையின் கையெழுத்துப் படி 1864 இல் ஏலத்துக்கு வந்தபோதே உலகம் இதனை அறிந்தது. இரண்டரை நூற்றாண்டு காலம் சட்ட அறிஞர்கள் ஒரு வழக்குரையை மெய்யியல் நூலாகப் படித்துக்கொண்டிருந்தனர்.

இச்செய்தியைக் கேட்டவுடன் சருவதேசவியல் மாணவன் மகிழ்வான். கண்டீர்களா, கொள்கை என்பதெல்லாம் நலத்தின் முகமூடி என்பான். அவனும் அவசரப்படுகின்றான். ஏனெனிற் கதை அங்கு முடியவில்லை. 1613 இல் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலண்டனில் வாணிக உரிமை பற்றிப் பேச்சு நடத்தினர். மொலுக்கத் தீவுகளுக்கு ஆங்கிலேயர் வருவதை ஒல்லாந்தர் தடுத்தமையே வழக்கு. ஆங்கிலேயர் தம் கட்சிக்குச் சான்றாக 'சுதந்திரக் கடல்' நூலையே எடுத்து நீட்டினர். எதிரே ஒல்லாந்தர் தூதுக்குழுவில் அமர்ந்திருந்தவர் குரோசியஸ். அவர் கூறிய மறுமொழி கவனிக்கத்தக்கது. வாணிகம் அனைவர்க்கும் பொது என்பது உண்மையே. ஆயினும் தீவினர் தம் வாசனைப் பொருளை எமக்கே விற்பதாக ஒப்பந்தம் செய்துள்ளனர். ஒப்பந்தம் காக்கப்படல் வேண்டும் என்றார். முகமூடியாயின் அதனை எதிரி அணிந்துகொள்ளல் எவ்வாறு இயலும்? எழுதப்பட்ட கொள்கை எழுதியவன் கையை விட்டு நீங்கிவிடுகின்றது. பின்னர் அவனையே கட்டுகின்றது. அவன் வேறொரு சட்டக் காரணத்தைத் தேடியே தப்ப வேண்டியிருக்கின்றது. வலிமை மட்டும் கற்றவனுக்கு இவ்விரண்டாம் பகுதி விளங்காது; சட்டம் மட்டும் கற்றவனுக்கு முதற் பகுதி விளங்காது.

அந்த ஒப்பந்தம் என்னும் சொல் நம் கரைக்கும் வந்தது. 1638 ஆம் ஆண்டு மே மாதம் மட்டக்களப்பில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தர் உதவுவர். அரசன் செலவைக் கறுவா முதலிய பொருள்களாற் கொடுப்பான். வாணிகத் தனியுரிமை கம்பனிக்கு உரியதாகும். கைப்பற்றப்படும் கோட்டைகளை என்செய்வது? அரசன் விரும்பின் ஒல்லாந்தர் அவற்றிற் படை நிறுத்துவர் என்பது அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் படியின் கருத்து. ஒல்லாந்த மொழிப் படியிலோ 'அரசன் விரும்பின்' என்னும் அத்தொடர் இல்லை. 1656 இற் கொழும்பு வீழ்ந்தது. அரசன் நகருக்குள் விடப்படவில்லை. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன்பின் நூற்றாண்டுக்கு மேலாக, கடல் அனைவர்க்கும் பொது என்று உலகுக்கு எடுத்துரைத்த கம்பனி, தன் அனுமதியின்றிக் கறுவா ஒரு கட்டும் ஏறாதவாறு இத்தீவின் துறைகளைக் காத்தது.

ஒரு தொடர் இருந்ததும் இல்லாததுமே இங்கு வழக்கு. சட்ட மாணவனுக்கு இது நல்ல பயிற்சி. 1969 ஆம் ஆண்டு வியன்னாப் பொருத்தனையின் 33 ஆம் உறுப்புரை, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அமைந்த உடன்படிக்கைகளை எவ்வாறு பொருத்திப் படிப்பது எனக் கூறுகின்றது. 49 ஆம் உறுப்புரை வஞ்சனையைப் பற்றியது. ஆயின் 1969 இன் விதியை 1638 க்குப் பொருத்தலாமா? இங்குத்தான் படிப்பு உண்மையாகத் தொடங்குகின்றது. 1928 இற் பால்மாஸ் தீவு பற்றிய வழக்கில் நடுவராயிருந்த மாக்ஸ் ஹூபர், ஒரு நிகழ்ச்சியை அது நிகழ்ந்த காலத்துச் சட்டத்தாலேயே அளக்க வேண்டும் என்றார். மிக நியாயமான விதி. அதே தீர்ப்பில், கிழக்கிந்தியக் கம்பனி போன்றவை சுதேச அரசர்களுடன் செய்த ஒப்பந்தங்கள் சருவதேசச் சட்டப் பொருளில் உடன்படிக்கைகள் ஆகா என்றும் அவர் கூறினார். குரோசியஸ் காலத்துச் சட்டம் அதுவன்று. 1613 இல் அவர் தம் கட்சி முழுவதையும் அத்தகைய ஒப்பந்தங்களின் மேலன்றோ நிறுத்தினார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா தன்னை மட்டுமே நாகரிக நாடுகளின் குழுவென எண்ணிக்கொண்ட பின் எழுந்த கருத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் மேல் ஏற்றிக் கூறிய இடம் அது.

இப்பிழையை நூலாக எழுதிக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1950 களிற் சருவதேசச் சட்டம் கற்பித்த போலந்துக்காரரான சி. எச். அலெக்சாந்திரோவிச். கிழக்கிந்திய நாடுகளின் சட்ட வரலாறு பற்றிய அவருடைய நூல் 1967 இல் வெளிவந்தது. ஆசிய அரசர்களுடன் செய்த உடன்படிக்கைகளை ஐரோப்பியர் அக்காலத்தில் உடன்படிக்கைகளாகவே கருதினர் என்பதை அவர் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். நீதிமன்றமும் இதற்குள் மாறியிருந்தது. கோவாவை ஆண்ட போர்த்துக்கல் இந்தியாமீது தொடுத்த வழியுரிமை வழக்கில் 1960 இல் தீர்ப்பளித்த சருவதேச நீதிமன்றம், 1779 இல் மராட்டியருடன் செய்த உடன்படிக்கையின் செல்லுபடியைப் பிற்காலத்து நடைமுறை கொண்டு அளக்கலாகாது என்றது. 1928 க்கும் 1960 க்கும் இடையில் நிகழ்ந்தது என்ன? சட்டப் புத்தகம் ஒரு கோட்பாட்டு மாற்றம் என்று மட்டும் கூறும். ஆசியாவிற் புதிய அரசுகள் எழுந்து ஐக்கிய நாடுகள் தாபனத்தில் இடம்பெற்றமையை அது கூறாது. நீதிமன்றமும் அதனைக் காரணமாக எழுதவில்லை. நேர்மாறாக, அரசியற் புத்தகம் அவ்வெழுச்சியை விரித்துரைத்துவிட்டு, அவ்வழக்கில் இவ்விதியால் முதலிற் பயன்பெற்றது பழைய பேரரசாகிய போர்த்துக்கல்லே என்னும் வேடிக்கையைக் கவனிக்காது போகும்.

வலியவன் மதியாத தீர்ப்பால் என்ன பயன் என்பாரும் உளர். நிக்கராகுவா வழக்கே அவர்கள் கையிலுள்ள ஆயுதம். 1986 ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏற்கவில்லை. பாதுகாப்புச் சபையில் தன் தடைவாக்கையும் பயன்படுத்திற்று. ஆட்சி மாறிய பின் 1991 இல் நிக்கராகுவாவே வழக்கைக் கைவிட்டது. எல்லாம் உண்மை. ஆயினும் பலாத்காரத்தைப் பற்றி அத்தீர்ப்பு வகுத்த வேறுபாடுகளைத் தொடாமல் அதன்பின் எந்த அரசும் தன் படையெடுப்பைக் காத்துப் பேச இயலவில்லை. பேசுவோர் பொய்யே கூறலாம். எந்தச் சொற்களாற் பொய் கூற வேண்டும் என்பதைத் தீர்ப்பு வரையறுத்துவிட்டது. அது சிறிய பயன்தான். சிறிய நாடுகளுக்குச் சிறிய பயனும் வேண்டும்.

இனி, கலைத்திட்டத்துக்கு வருவோம். இரட்டைப் பட்டம் கற்பிக்கும் கழகங்களைக் குறை கூறுவது எளிது. பிள்ளைகளின் பெற்றோரும் நாமும் அக்குறைக்குப் பங்காளிகளே. சட்டம் கற்றால் வழக்கறிஞனாகலாம், சருவதேசவியல் கற்றால் என்னாவது என்று கேட்கின்றோம். ஆதலால் முன்னது சோறாகவும் பின்னது ஊறுகாயாகவும் பரிமாறப்படுகின்றது. ஐந்தாண்டில் ஒரு தவணையேனும், இரு துறை ஆசிரியரும் ஒரே மண்டபத்தில் அமர, ஒரே ஆவணத்தை மாணவர் படித்தல் வேண்டும். அது பெரிய தலைப்பாக இருத்தல் வேண்டா. மட்டக்களப்பு உடன்படிக்கை போன்ற ஒன்று போதும்: அதன் சொற்கள் யாவை, அவை என்ன கடமையை ஆக்கின, அதனைக் காக்க எவர் கையில் எத்தனை கப்பல் இருந்தன, காக்காதவன் எச்சொல்லைக் கொண்டு தன்னைக் காத்துக்கொண்டான் என வரிவரியாகக் கேட்கலாம். பொது நோக்குப் பாடங்கள் பத்தினும் இத்தகைய ஒன்று மேலானது என்பதே எமது துணிபு. எமக்குத் தெரிந்தவரை இன்றைய பாடநிரல்களில் இதற்கு இடம் அரிது.

வேறொரு தடையும் உண்டு. அந்த உடன்படிக்கையைப் படிக்கப் போர்த்துக்கேயமும் ஒல்லாந்தமும் வேண்டும். இராசசிங்கன் போர்த்துக்கேயம் அறிந்தவன். ஒல்லாந்தப் படியில் என்ன எழுதப்பட்டது என்பதைத் தானே பார்த்தறிய அவனால் இயலவில்லை. சருவதேசவியற் பட்டங்கள் சிலவற்றில் ஒரு பிறமொழி கட்டாயமாகவுள்ளது. சட்டத்துடன் இணைக்கும்பொழுது நேரமின்மை காரணமாக முதலிற் குறைக்கப்படக்கூடிய பாடம் எதுவோ, அதுவே அம்மொழி. இரட்டைப் பட்டத்துக்குப் பெயர் பதிய எண்ணும் மாணவன், கையேட்டின் முதற் பக்கத்திலுள்ள தொழில் வாய்ப்புகளைப் படிக்குமுன், இறுதிப் பக்கத்திலுள்ள பாட அட்டவணையில் அம்மொழிப் பாடம் இன்னும் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளட்டும்.