நாசவேலையும் நியாயமும்: ஒரு நூலை முன்வைத்து

சுவீடன் நாட்டு அறிஞர் ஆந்திரேயாஸ் மால்ம் 2021இல் வெளியிட்ட ‘எண்ணெய்க் குழாயைத் தகர்ப்பது எப்படி’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல், அத்தலைப்பு அச்சுறுத்துவதுபோல் வெடிமருந்துக் கையேடு அன்று. புவி வெப்பமடைதலை எதிர்க்கும் இயக்கங்கள் அறவழியை மட்டுமே பற்றி நிற்பது சரியா என வினவும் வாதநூல் அது. பல பத்தாண்டுகளாக மாநாடுகள் கூடிக் கலைந்தும் புகை குறையவில்லை. எனவே உயிருக்கு ஊறு செய்யாமல், கேடு விளைக்கும் பொருள்களை மட்டும் பழுதாக்குவது தகும் என்பது அவர் துணிபு. இதனை எள்ளி ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. அவருடைய அளவுகோலைக் கொண்டே அதனை அளந்து பார்ப்போம்.

மால்மின் வலிமை ஒப்புமைகளில் உள்ளது. வாக்குரிமைக்காகச் சன்னல்களை உடைத்த இங்கிலாந்துப் பெண்களையும், நிறவெறிக்கு எதிராக 1961இல் நாசவேலையில் இறங்கிய தென்னாப்பிரிக்கரையும் அவர் முன்னிறுத்துகிறார். ஒன்றன் தீர்ப்பை மற்றொன்றுக்கு நீட்டும் இம்முறையை உஸூல் அறிஞர்கள் கியாஸ் என்பர். இரண்டுக்கும் பொதுவான ‘இல்லத்’, அதாவது மூலகாரணம், இல்லையேல் கியாஸ் செல்லாது என்பதை மத்ரஸா மாணவரும் அறிவர். அன்று அப்பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் வாக்குச்சீட்டின் கதவே அடைபட்டிருந்தது. சுவீடன் குடிமகனுக்கோ அது திறந்திருக்கிறது.

கடலேறி நிலமிழக்கும் வங்கதேச உழவனுக்குச் சுவீடனில் வாக்கில்லையே என மால்ம் தரப்பில் மறுமொழி கூறலாம். வலுவான மறுமொழிதான். ஆயினும் பிறருக்காக வாதாட முன்வருபவர் வகீலாகிறார். தம் செயலால் எழும் இழப்பை எவர் தலையில் சுமத்துகிறோம் என்பதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பிழைப்புக்கான புகை வேறு, ஆடம்பரப் புகை வேறு என்னும் வரம்பை மால்மே ஏற்கிறார். 2007இல் ஸ்டாக்ஹோமின் செல்வர் பகுதிகளில் பெருங்கார்களின் டயர்க் காற்றை இறக்கிய குழுவில் அவரும் இருந்தார். அங்கே இழப்பு உரியவர்க்கே நேர்ந்தது. 2022 நவம்பரில் ‘ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்’ இயக்கத்தினர் லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையின் மேற்சட்டங்களில் ஏறியமர்ந்தபோது அவ்வரம்பு மறைந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பாதிக்கப்பட்டதாக வழக்கில் கூறப்பட்டது. சிகிச்சைக்குச் செல்ல இயலாத புற்றுநோயாளியும் அப்பயணிகளுள் இருந்தார். 2024இல் ஐவருக்கு 4 முதல் 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது குறைந்தது. இதனிடையே 2022, 2023ஆம் ஆண்டுச் சட்டங்கள் அமைதிப் பேரணிகளுக்கும் கடிவாளமிட்டன.

அறவழி எப்போதும் வெல்லும் என்றும் நாம் கூறோம். அமெரிக்காவின் டகோட்டா குழாய்ப் பணிகளை 2016-17இல் நெருப்பிட்டுச் சிதைத்தும் 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினர் நீதிமன்றம் சென்று, 2020இல் முழுமையான சூழலியல் ஆய்வுக்கு ஆணை பெற்றும் எண்ணெய் நிற்கவில்லை. எனினும் அவர்கள் தங்கள் குடிநீருக்காகத் தாங்களே வாதாடினர். தங்கள் சுமையை வழிப்போக்கர் மீது இறக்கவில்லை.

நோயை அறிவதில் மால்ம் பிழைக்கவில்லை. மருந்தின் விலையை எவர் செலுத்துவது என்னும் வினாவையே அவர் விரைந்து கடந்துவிடுகிறார். அவ்வினாவோடு வாசிப்போர்க்கு இந்நூல் பயன்தரும்.