தகுதிக்குச் சாட்சி யார்?

குருப்பட்டத் திருப்பலியில் எல்லோர் கண்ணும் இரண்டு காட்சிகளில் பதியும். பட்டம் பெறுபவர் தரையில் குப்புறக் கிடக்க, புனிதர் மன்றாட்டு மாலை பாடப்படுவது ஒன்று. ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைப்பது மற்றொன்று. அவற்றுக்கு முன்பே ஒரு சிறு உரையாடல் நடந்து முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. இவர் தகுதியுள்ளவர்தானா என்று ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்தும் பயிற்சி அளித்தவர்களைக் கலந்தும் அறிந்ததை வைத்து, பொறுப்பாளர் சாட்சி சொல்கிறார். திருமணத்துக்கு ஓலை வாசிப்பதுபோலப் பட்டம் பெறப்போகிறவரின் பெயரைச் சொந்தப் பங்கில் முன்கூட்டியே அறிவிப்பதும் இந்த விசாரணைக்காகத்தான். குருக்களை மதிப்பது என்றால், அந்தச் சாட்சியைப் பட்டமளிப்போடு நிறுத்தாமல் தொடர்வது. இறையழைத்தல் வளர்வதும் அப்படிச் சாட்சியைத் தொடரும் பங்குகளில்தான். வெள்ளிவிழா மலர்களில் நாம் எழுதும் வாழ்த்துரைகளோ பெரும்பாலும் எளிமையானவர், இனிமையாகப் பழகுபவர் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பெயரை மாற்றினால் அடுத்த குருவுக்கும் அவை பொருந்தும். இன்னும் துல்லியமாகப் பாராட்ட நம் மரபிலேயே மூன்று பள்ளிகளின் அளவுகோல்கள் இருக்கின்றன.

குருக்களுக்கு முறையான பயிற்சி என்பது இன்று நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதன்று. மறைமாவட்டங்கள் குருமடம் நடத்த வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல்தான் கட்டளையிட்டது. அந்தக் குருமட மரபில் உருவான மறைமாவட்டக் குருவுக்கு ஆர்ஸ் ஊர் ஜான் மரிய வியான்னியை முன்மாதிரியாகக் காட்டுகிறோம். இலத்தீன் பாடம் ஏறாமல் தவித்தவர் அவர். குருமடம் அவரைத் தேர்ச்சியற்றவர் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. 1818-இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் போனவர், 1859-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பிற்காலத்தில் நாளின் பெரும்பகுதியைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே கழித்தார். மறைமாவட்டக் குரு துறவற சபையாரைப் போல ஏழ்மை வாக்குறுதி எடுப்பதில்லை; ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணமின்றி வாழ்வதாகவும் உறுதி கூறுகிறார். அவரை அளக்க வேண்டியது ஊரோடு ஒட்டியிருப்பதில்: கிளைக்கிராமத்துப் பூசைக்கு நேரம் தவறாமல் போகிறாரா, நோயில்பூசுதலுக்கு நடுஇரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறாரா என்பதில்.

மதுரைப் பணித்தளத்து இயேசு சபையாருக்கு அளவுகோல் வேறு. அவர்களுக்கு முன்னோடியாக, முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழோடு வடமொழியும் கற்று, இந்த மண்ணின் துறவியாகவே வாழ்ந்தார். வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் சதுரகராதியையும் கிறிஸ்தவர் அல்லாதவரும் தமிழ்ச் சொத்தாகவே எண்ணுகிறார்கள். மக்களின் மொழியை அரைகுறையாகக் கற்று அவர்களுக்குப் போதிக்கக் கூடாது என்பதே இந்தப் பள்ளியின் நியதி. மறையுரைக்கு ஆயத்தமில்லாமல் பீடத்தில் நிற்கிறவரை இந்த மரபு மன்னிக்காது. யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் இயேசு சபையார் அல்லர். ஆனால் 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்ற அவரும் இந்த நியதிக்கு உரியவரே.

என் மதிப்பில் மூன்றாவது பள்ளிதான் அதிகம் பேசப்பட வேண்டியது. குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டாரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலத்தில், கோவாவில் இந்தியக் குருக்களே கூடி ஓரட்டரி சபையாக வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான யோசேவ் வாஸ் 1687-இல் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. பிச்சைக்காரரைப் போல அலைந்து, கழுத்தில் தெரிந்த செபமாலையைக் கண்டு யார் தயங்கி நிற்கிறார்கள், யார் நெருங்கி வருகிறார்கள் என்று பார்த்தே தம் மக்களைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கண்டியில் உளவாளி என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் அங்கே பெரியம்மை பரவி, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சமயம் பாராமல் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். அவருக்கு ஆயுதத் துணையோ அரசு மானியமோ இருக்கவில்லை. 1711-இல் கண்டியிலேயே இறந்தார்; 2015-இல் கொழும்பில் பிரான்சிஸ் திருத்தந்தை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். குரு இல்லாத இடத்துக்குப் போவது, பாதுகாப்பை எதிர்பாராமல் போவது: இந்தப் பள்ளியின் அளவுகோல் இவ்வளவுதான்.

இப்படி அளக்கத் தொடங்கினால் குருக்களின் மரியாதை குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. சிறாருக்கு எதிராகச் சில குருக்கள் செய்த கொடுமைகள் நாடு நாடாக வெளிவந்தபோது, அவற்றை ஆண்டுக்கணக்கில் மூடிவைக்க உதவியது கேள்வியில்லாத பக்தியே என்று தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது செய்த அநீதி முதன்மையானது. நேர்மையாக உழைக்கும் குருக்களையும் அது சந்தேக நிழலில் நிறுத்தியது. திருச்சபைக்குள்ளும் சாதி பார்க்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. மதுரைப் பணித்தளமே உயர்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி என்றும் மற்றவர்களுக்குப் பண்டார சுவாமி என்றும் குருக்களைப் பிரித்து வைத்திருந்தது. நொபிலியின் கல்வியைப் போற்றும் அதே வாயால் இதைப் பிழை என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. இன்றும் கல்லறையில் சாதிச் சுவர் எழுப்பும் ஊரிலிருந்து, எல்லோருக்கும் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மனம் பழகிய இளைஞன் எளிதில் வரமாட்டான்.

மணவாழ்வை அனுமதித்தால் அழைத்தல் பெருகும் என்பது இன்னொரு வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உரோமையோடு ஒன்றித்த கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமான குருக்கள் இருக்கிறார்கள். குருக்களின் மணத்துறவு இலத்தீன் திருச்சபையின் ஒழுங்குமுறை. ஆனாலும் மணமான போதகர்களைக் கொண்ட சபைகளும் பல நாடுகளில் ஆள் கிடைக்காமல் திணறுகின்றன. ஆகவே அழைத்தல் குறைவதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வசதிக்காகவும் படிப்புக்காகவும் குருமடம் போகிறார்கள் என்பதும் சொல்லப்படுகிறது. சிலர் அப்படியே போகலாம். தத்துவம், களப்பணி, இறையியல் என்று பத்தாண்டு கடந்தும் நீளும் பயிற்சி இருப்பது அந்த நோக்கங்களைச் சலித்தெடுக்கத்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குருப்பயிற்சி பற்றி 1992-இல் வெளியிட்ட ஊக்கவுரை மனிதப் பயிற்சியையே மற்றவற்றுக்கு அடித்தளமாக வைத்தது.

அழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவச் சமூகம் முழுவதன் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நல்லாயன் ஞாயிறன்று ஒரு மன்றாட்டோடு அந்தக் கடமையை நாம் முடித்துக்கொள்கிறோம். ஒரே மகன் என்று தயங்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன், குருமடத்திலிருந்து திரும்பி வரும் பையனை ஊர் எப்படி வரவேற்கிறது என்று பார்க்க வேண்டும். தன் வழி இதுவன்று என்று தெளிந்து வந்தவனை ஓடிவந்தவன் என்று பேசும் ஊரில் எந்தத் தாய் துணிந்து பிள்ளையை அனுப்புவாள்? அவனையும் கைகுலுக்கி ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வு இல்லத்தில் இருக்கும் முதிய குருக்களைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். அடுத்து உங்கள் பங்கில் குருப்பட்டம் பெறப்போகும் ஒரு திருத்தொண்டரின் பெயர் அறிவிக்கப்படும் ஞாயிறன்று, அவரைப் பற்றித் தெரிந்ததை, நல்லதானாலும் அல்லதானாலும், பங்குத்தந்தையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.