பாலையும் புதுக்குடியிருப்பும்: குற்ற அச்சம் குறித்த ஒரு திணைசார் வாசிப்பு

முன்னுரை

மறுகுடியமர்வுப் பகுதிகள் பற்றிய விவாதங்களில் குற்றம் குறித்த அச்சம் முதன்மை பெறுகிறது. ஆஸ்கர் நியூமன் 1972இல் முன்வைத்த 'தற்காப்புவெளி' என்னும் கோட்பாடு அவ்வச்சத்தின் வேரைக் கட்டட அமைப்பில் தேடியது. எவரும் தமதென உணராத படிக்கட்டும் நடைவழியும் குற்றத்திற்கு இடந்தரும் என்பது அதன் சாரம். குடியிருப்பின்மீது வெளியார் ஏற்றும் இழிவையும் அவர் கட்டட வடிவத்தோடே பிணைத்தார். அஞ்சுபவர் யார், அந்நிலம் எதை இழந்தது என்னும் வினாக்களுக்குப் பாலைத்திணையும் சிலப்பதிகாரமும் மேலும் தெளிவான விடை தருகின்றன.

பாலை: அச்சத்தின் நிலம்

தொல்காப்பியம் நானிலத்திற்குத் தெய்வம் வகுத்தது. பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது காடுகாண் காதை. ஆகவே பாலை, நிலம் தன் இயல்பை இழந்த நிலையின் பெயராகிறது. ஆறலைகள்வர் பற்றிய அச்சம் இத்திணைக்குரியது. ஆயினும் அது பொருள்தேடிக் கடந்து செல்வோரின் அச்சம். அவரை எண்ணி வருந்தும் தலைவியின் அச்சம். அங்கேயே வாழும் எயினரின் குரல் அகப்பாடல்களில் அரிது.

எயினர் ஊரும் மதுரையும்

இக்குறையைச் சிலம்பு நிறைவு செய்கிறது. வழிப்பறிக்குப் பெயர்பெற்ற எயினர் ஊரில் கண்ணகி இளைப்பாறுகிறாள். சாலினி அவளைப் போற்றுகிறாள். காவல் மிகுந்த மதுரையிலோ கோவலன் கள்வனெனக் கொல்லப்படுகிறான். கொலைக்களக் காதையில் அவன் தோற்றம் கண்டு காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டினை அடுக்கி அத்தயக்கத்தைக் கலைக்கிறான். அவ்வெட்டனுள் இடமும் ஒன்று. உண்மைக் கள்வனே குற்ற அறிவின் அதிகாரியாகப் பேச, ஊருக்குப் புதியவன் பலியாகிறான்.

கண்ணகி நகரும் கடலூர்க் கரையும்

சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோருக்காக 2000 முதல் துரைப்பாக்கத்தில் உருவான, 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு கண்ணகியின் பெயரையே தாங்குகிறது. ஊர்ப்பெயரைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்கு வாழ்வோரின் நெடுநாள் முறையீடு. பொற்கொல்லன் சொன்ன 'இடம்' இங்கே முகவரியாகிவிடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிதம்பரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு மக்கள் பின்னர் கிள்ளைப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். இத்தகைய குடியமர்வில் கடலுக்கு அஞ்சி வீடு உள்ளே நகர்கிறது; படகும் வலையும் நீர்க்கரையைச் சார்ந்தே நிற்கின்றன. முன்பு வாழிடத்தின் பார்வைக்குள் இருந்த தொழிற்கருவி இப்போது தனிக்காவல் வேண்டும் பொருளாகிறது. காடுகாண் காதை நெய்தலைச் சுட்டவில்லை; எனினும் திரிதல் என்னும் தருக்கம் இங்கும் பொருந்தும். வீட்டையும் தொழிலையும் பிரித்த இடைவெளியே புதிய அச்சத்தின் விளைநிலம்.

முடிவுரை

இவ்வாசிப்பில் ஓர் இடர் உண்டு. குடியிருப்பைப் பாலை என்றால் குடியிருப்போரை ஆறலைகள்வராக்கும் பார்வைக்கு அது துணைபோகலாம். கடந்து செல்வோரின் அச்சத்தையும் வாழ்வோரின் இழப்பையும் பிரித்தறிதலே அதற்கு மாற்று. முன்னதைக் கண்காணிப்புக் கருவிகள் ஓரளவு தணிக்கலாம். பின்னதைத் தணிக்க, அகற்றப்பட்ட தொழிலும் உறவும் வாழிடத்தோடு மீண்டும் இணைய வேண்டும். காவலால் மதுரை கோவலனைக் காக்கவில்லை என்பதைக் குடியிருப்புக் கொள்கை வகுப்போரும் கருதுதல் தகும்.