கவிதையும் வாக்குமூலமும்

இலக்கிய விமர்சனம் என்பது நூலுக்கும் வாசகனுக்கும் இடையே நிகழும் காரியம் என்றே நாம் எண்ணி வந்திருக்கின்றோம். படைப்பவன் ஒருவன், படிப்போர் பலர், அவர்களுள் சிலர் தாம் கண்டதைப் பிறர்க்கு எடுத்துரைப்பர். கருத்து முரண்பாடு தோன்றின் சஞ்சிகைப் பக்கங்களிலே வாதம் நிகழும். ஆனால், அண்மைக் கால இலங்கையில் நமது கணக்கில் அகப்படாத விமர்சகர் ஒருவர் தோன்றியுள்ளார். அவர் சஞ்சிகைகளில் எழுதுவதில்லை. வாதங்களுக்கு மறுமொழி கூறுவதுமில்லை. அவர் எழுதும் மதிப்புரைக்குத் தடுப்புக்காவல் கட்டளை என்று பெயர். பொலிஸ் அதிகாரியாகிய இவ்விமர்சகரின் வாசிப்பு முறையை ஆராய்வது இலக்கியம் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இன்று கடமையாகி விட்டது என்பது நமது கருத்து.

2020ஆம் ஆண்டு மே மாதம் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது 2017இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி. அந்நூல் தீவிரவாதக் கருத்துக்களைப் பரப்புகின்றது, அக்கருத்துக்களை அவர் மாணவர்க்கும் போதித்தார் என்று கூறப்பட்டது. அத்தொகுதியில் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கும் கவிதைகள் இருப்பதைத் தமிழ் வாசகர் பலர் எடுத்துக் காட்டினர். எனினும் கவிஞர் பத்தொன்பது மாதங்கள் சிறையில் இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதை நூலைச் சரியாக வாசித்து முடிக்க இந்நாட்டின் நீதி இயந்திரத்துக்கு மூன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதனைத் தனிப்பட்ட அதிகாரிகளின் அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. ஒரு குறிப்பிட்ட வாசிப்பு முறையே இங்குச் செயற்பட்டுள்ளது. அம்முறைக்குச் சட்டத்தில் வேர் உண்டு.

தமிழ்க் கவிதையைப் பயிலும் பாடசாலை மாணவன் முதலில் கற்கும் பாடம் கூற்று என்பதாகும். இப்பாட்டில் பேசுபவர் யார்? தலைவியா, தோழியா, செவிலியா? யாரை நோக்கிப் பேசுகின்றார்? எச்சூழலில் பேசுகின்றார்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பாட்டின் பொருளை நாம் அணுகுகின்றோம். தலைவியின் கூற்றாகப் புலவன் பாடியதைப் புலவனின் சொந்த வாழ்க்கை வரலாறாக எவரும் கொள்வதில்லை. உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளுக்கே இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியும் உண்டு, அச்சமும் உண்டு. வெகுளியைப் பாடியவன் கலகக்காரன் என்றும் அச்சத்தைப் பாடியவன் எதையோ ஒளிக்கின்றவன் என்றும் தொல்காப்பியர் முடிவு கட்டவில்லை. ‘நவரசம்’ என்னும் தலைப்பே ஒன்பது சுவைகளைக் குறிக்கின்றது. ஒன்பது சுவைகளையும் பாட முற்படுபவன் வீரத்தையும் சினத்தையும் பாடாது விடுதல் எங்ஙனம் கூடும்?

பொலிஸ் வாசிப்பு இவ்வினாக்களில் எதனையும் கேட்பதில்லை. அதற்கு எல்லா வரிகளும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. அக்குரல் சந்தேக நபரின் குரலாகும். உவமை அதற்குத் திட்டமாகத் தெரிகின்றது. உருவகம் சங்கேதமாகத் தெரிகின்றது. தமிழ் அறியாத அதிகாரி முன் தமிழ்க் கவிதை செல்லும்போது அது மொழிபெயர்ப்பாகவே செல்கின்றது. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது தொனி. தொனி உதிர்ந்த கவிதையில் எஞ்சுவன வெறுஞ் சொற்கள். அச்சொற்களைக் கொண்டு எவ்வழக்கையும் கட்டி எழுப்பலாம். சுருங்கக் கூறின், பொலிஸ் வாசிப்புக் கவிதையை வாக்குமூலமாக மாற்றுகின்றது.

வாக்குமூலம் என்ற சொல்லை நாம் தற்செயலாகப் பயன்படுத்தவில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு எதிராக எண்பிக்க முடியாது என்று விதித்தது. அதனை இயற்றியது பிரித்தானியக் குடியேற்ற அரசு. தன் பொலிஸ்காரன் மூடிய கதவுக்குப் பின்னால் எவ்வாறு வாக்குமூலம் பெறுவான் என்பது அவ்வரசுக்கு நன்கு தெரிந்திருந்தது. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 1979 ஜூலையில் நிறைவேற்றிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ இப்பாதுகாப்பை நீக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் அளிக்கப்படும் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாயிற்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை எண்பிக்கும் பாரமும் கைதியின் தலைமீதே சுமத்தப்பட்டது. அமைச்சரின் கட்டளை கொண்டு மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் வரை ஒருவரை நீதிமன்றத்தில் குற்றஞ் சாட்டாமலே தடுத்து வைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. ஆண்ட அந்நியன் நம்பாத பொலிஸ்காரனை ஆளும் சுதேசி நம்பினான் என்பதே இதன் பொருள்.

இச்சட்டத்தின் தலைப்பில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. வாக்குமூலம் பற்றிய பிரிவையோ தொடவில்லை. அப்பிரிவின் விளைவை அறிய ஓர் உதாரணம் போதும். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட வாக்குமூலமொன்றில் கைவிரல் அடையாளம் இட்டார் என்பதைக் கொண்டு 1995இல் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டுகளாயிற்று. அவரது நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் முடிவு கூறியது. தான் வாசிக்க இயலாத வாசகத்துக்கு ஒருவன் ஆசிரியனாக்கப்பட்டான். கவிஞன் விடயத்திலோ அவன் எழுதிய வாசகத்துக்கு அவன் எழுதாத பொருள் ஏற்றப்பட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இது தமிழ் பேசுவோரை மட்டும் பற்றிய பிரச்சினை என்று கருதுவோரும் உளர். அவர்கள் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவுக்கு நேர்ந்ததை நினைவு கூர்தல் வேண்டும். துறவு நீங்கிய ஒருவரைப் பற்றி ‘அர்த’ என்னும் சிறுகதையை அவர் 2019இல் முகநூலில் வெளியிட்டார். அக்கதை பௌத்தத்தை அவமதிக்கின்றது எனப் பிக்குகள் சிலர் முறையிட, ஏப்ரல் மாதம் கைது செய்யப்பட்டார். நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்த பின்னரே பிணை கிடைத்தது. 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் மீது பிரயோகிக்கப்பட்டது குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தவென 2007இல் இயற்றப்பட்ட சட்டமாகும். சிறுபான்மையினரை வெறுப்புப் பிரசாரத்திலிருந்து காக்க வேண்டிய பிரிவு ஒரு சிறுகதை ஆசிரியனைச் சிறையிட உதவியது. தமிழ்க் கவிதையில் பயங்கரவாதத்தைக் கண்ட கண்ணும் சிங்களச் சிறுகதையில் மத நிந்தனையைக் கண்ட கண்ணும் வெவ்வேறு கண்கள் அல்ல.

இக்கண் நேற்றுத் திறந்ததும் அன்று. இந்நாட்டுப் பொலிஸ் சேவையின் அடிப்படைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. தேயிலைத் தோட்டத்தில் தொழில் பயில வந்து தொழிலாளர் பக்கம் சேர்ந்த பிரேஸ்கேடிலை 1937இல் தேசாதிபதி நாடு கடத்த முயன்றபோது, அவரது மேடைப் பேச்சே குற்றமாயிருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு அவரை விடுவித்தது. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே மாதத்தில் பிறந்ததே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பின்வந்த அவசரகால விதிகள் யாவற்றுக்கும் தாய் அதுவே. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் பிரித்தானிய ஒற்றரின் கண்காணிப்பில் வாழ்ந்தான். அவன் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1928இல், அவன் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. இறந்த கவிஞனையும் பொலிஸ் வாசிப்பு விடுவதில்லை.

அரசின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதனை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டனர். இத்தகைய கொடுமைகளைத் தடுக்க விரிந்த அதிகாரமும் இடையறாத கண்காணிப்பும் வேண்டாமா என்று கேட்கின்றனர். மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நிகழ்ந்தது யாது? தாக்குதல் வரவிருக்கின்றது என்ற எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்னரே வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து கிடைத்திருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று குறைவாக இருந்தது அதிகாரமும் அன்று, தகவலும் அன்று. பொறுப்பே குறைவாக இருந்தது. கையில் இருந்த எச்சரிக்கையை வாசிக்காத அரசு, அடுத்த ஆண்டிலே ஒரு கவிதை நூலை வாசிக்கப் புறப்பட்டது.

கண்காணிப்பின் தீங்கு கைது செய்யப்பட்டோருடன் முடிவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் நினைவேந்தல் நடத்துவோரும் புலனாய்வாளரின் விசாரிப்புக்கு உள்ளாவதை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அறிக்கைகள் ஆண்டு தோறும் பதிவு செய்து வந்துள்ளன. யாரோ ஒருவர் வாசலில் வந்து, எங்கே போனீர்கள், யார் வந்தார்கள் என்று மரியாதையாகவே கேட்டுச் செல்கின்றார். அடி இல்லை, கைது இல்லை. ஆயினும் அன்றிரவு அவ்வீட்டில் பேச்சுக் குறைகின்றது. 2024இல் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதே அச்சத்தைக் கைத்தொலைபேசித் திரைக்குக் கொண்டு சென்றது. ‘பொய்யான கூற்று’ எது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைத்தது. கூற்று என்பது கவிதை இலக்கணச் சொல் என்பதை அறியாதோர் கையில் கூற்றுக்களின் தலைவிதி சென்று சேர்ந்தது.

இச்சூழலில் எழுத்தாளன் தன் பேனாவுக்குள்ளேயே ஒரு பொலிஸ்காரனை வைத்துக்கொள்கின்றான். கோபம் வரும் இடத்தில் இயற்கை வருணனை வருகின்றது. ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ஒரு கிராமம்’ வருகின்றது. பின்னர் விமர்சகர்கள் நம் இலக்கியத்தில் யதார்த்தம் குன்றிவிட்டது எனக் குறைப்படுகின்றனர். குன்றியதற்குக் காரணம் கலைத்திறன் இன்மை மட்டுமன்று என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

இடதுசாரிச் சிந்தனை உடையோர் தயங்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பொலிஸ் வாசிப்பு முதலாளித்துவ அரசுகளின் தனிச் சொத்தன்று. ஸ்டாலினைப் பற்றிய ஒரு கவிதைக்காக 1934இல் கைது செய்யப்பட்ட ஒசிப் மண்டெல்ஸ்டாம் 1938இல் முகாமொன்றில் மாண்டார். மக்களின் பெயரால் ஆண்ட அரசு மக்களின் கவிஞர்களை ஒற்றர் கொண்டு வாசித்தபோது அது மக்களிடமிருந்தே விலகிச் சென்றது. படைப்பின் சமூகச் சார்பை ஆராய்வது முற்போக்கு விமர்சனத்தின் உரிமை, கடமையும்கூட. ஆனால், ஆராய்ச்சி வேறு, விசாரணை வேறு. ஆராய்ச்சியில் படைப்பாளி மறுமொழி கூறலாம். விசாரணையில் அவன் மறுமொழியும் அவனுக்கு எதிரான சான்றாகும். இவ்வேறுபாட்டை மறக்கும் விமர்சகன், எக்கொடியின் கீழ் நின்றாலும், சீருடை அணியாத பொலிஸ்காரனே.

ஆகவே நாம் வேண்டுவன தெளிவானவை. பொலிஸ் அதிகாரி பெறும் வாக்குமூலத்துக்கு எந்தச் சட்டத்தின் கீழும், அச்சட்டம் என்ன பெயர் பூண்டு வரினும், சான்று மதிப்பு அளிக்கப்படலாகாது. நீதிபதியின் முன் நிறுத்தாமல் அமைச்சரின் கையொப்பத்தால் எவரும் மாதக் கணக்கில் அடைத்து வைக்கப்படலாகாது. ஒரு நூலே குற்றச்சாட்டின் அடிப்படையாகும் வழக்கில், அம்மொழியை அறிந்த வாசகர்கள் அந்நூலை முழுமையாக வாசித்துச் சாட்சியம் கூறும் முன் அதன் ஆசிரியன் சிறை செல்லலாகாது.

இவை சட்டத்தரணிகள் மட்டும் பேச வேண்டிய விடயங்கள் அல்ல. வகுப்பறையில் கவிதை கற்பிக்கும் ஆசிரியன் ‘இங்குப் பேசுபவர் யார்?’ என்று மாணவனைக் கேட்கும்போது, அவன் பரீட்சைக்குரிய பாடத்தை மட்டும் நடத்தவில்லை. பொலிஸ் வாசிப்புக்கு எதிரான முதற் காப்பரணையும் கட்டுகின்றான். தமிழ்க் கவிஞன் சிறைப்படும்போது சிங்கள எழுத்தாளரும், சிங்களக் கதைஞன் சிறைப்படும்போது தமிழ் எழுத்தாளரும் மற்றவனின் நூலைத் தம் மொழியில் பெயர்த்து, முழுமையாக, தொனி கெடாமல் தம் மக்கள் முன் வைப்பார்களாயின், அதிகாரியின் அரைகுறை மொழிபெயர்ப்புக்கு மதிப்பிராது. ‘நவரசம்’ வழக்கில் நீதி மூன்றரை ஆண்டுகள் தாமதித்து வந்தது. அடுத்த நூலுக்கும் அவ்வளவு காலம் ஆகுமா என்பது நீதிமன்றத்தை மட்டும் பொறுத்ததன்று. அந்நூலை முதல் நாளே வாசித்து, வாசித்ததை உரத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் முன்வருகின்றோம் என்பதையும் பொறுத்தது.