ஸிபாக்: வேட்டைப் பறவையின் காலில் உள்ளது விலங்கா?

இப்னு மன்ளூர் (இறப்பு ஹி. 711 / கி.பி. 1311) தமது ‘லிஸானுல் அரப்’ பேரகராதியில், வேட்டைப் பறவையின் கால்களில் கட்டும் வாருக்கு ‘ஸிபாக்’ என்னும் சொல்லைத் தந்து, ‘கைத்’, அதாவது தளை, என்று பொருள் கூறி முடித்துக்கொள்கிறார். அகராதிக்கு அது போதும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு தமிழில் ‘கால்விலங்கு’ என எழுதுவோமானால், அரபியரின் வேட்டை இலக்கியத்தையே தலைகீழாகப் படித்தவர்களாவோம்.

சொல்லின் வேரைக் காண்க. ஸீன், பா, காஃப் ஆகிய மூன்றெழுத்தும் முந்துதலை, பந்தயத்தில் விஞ்சுதலைக் குறிப்பவை. வளைகுடா நாடுகளில் அதே வேரிலிருந்து வந்த ‘ஸுபூக்’ இன்றும் வழக்கில் உள்ளது. அங்கு பணிபுரிந்து திரும்பிய நம் அன்னவாசல் வட்டாரத்தார் சிலர் அச்சொல்லைக் கேட்டிருக்கவும் கூடும். ஸுபூக்கோடு இணைத்துப் பறவையைத் தாங்கியில் கட்டும் நீண்ட கயிற்றுக்கு ‘முர்ஸல்’ என்று பெயர். அனுப்புதலைக் குறிக்கும் ‘இர்ஸா’லும் அவ்வேரினதே. கட்டுகின்ற பொருளுக்கு அனுப்புகின்ற பெயரை இட்ட மொழியை என்னென்பது!

இது வெறும் சொல்லழகன்று. மர்கீனானீயின் (இறப்பு ஹி. 593) ‘அல்ஹிதாயா’, வேட்டை நாய் பயின்றதற்கு அடையாளம் பிடித்த இரையைத் தின்னாமை என்றும், வல்லூறு பயின்றதற்கு அடையாளம் அழைத்தால் திரும்பி வருதல் என்றும் பிரித்துரைக்கிறது. ஆக, வார் கைப்பிடியில் உள்ளவரை பறவையின் கல்வி வெளிப்படாது. விட்ட பின்னரே வெளிப்படும். வேட்டை ஹலாலாவதும் இந்தக் கல்வியைப் பொறுத்ததே. அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், இறைவன் நமக்குக் கற்பித்ததிலிருந்தே நாம் அவற்றுக்குக் கற்பிப்பதாகக் கூறுவதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

வார் செய்யும் கலையும் இதே கருத்தின் வழியே நடக்கிறது. தோல் மெல்லியதாகவும் இழுவை தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். பட்டை மிக ஒடுங்கினால் காலை அறுக்கும். மிக அகன்றால் மூட்டில் உராயும். கட்டிய பின் காலைச் சுற்றித் தடையின்றிச் சுழல வேண்டும். விரல்கள்மீது நழுவி இறங்கவும் கூடாது. ஓரங்களை வழவழப்பாக்கி, கொழுப்புத் தடவி இளக்கமாக வைப்பர். காய்ந்து விறைத்த தோல் புண்ணாக்கிவிடும். பைரி இனத்தில் பெண் ஆணைவிடப் பெரியதாதலால், ஒன்றின் அளவுக்கு வெட்டியது மற்றதற்குப் பொருந்தாது. வளைகுடாவில் தோலுக்கு மாற்றாக நூலைப் பின்னியும் செய்கின்றனர். பழைய ஒற்றை வாரில் ஒரு குறை: பறக்கும்போதும் காலில் தொங்குவதால் கிளையில் சிக்கி, பறவை தலைகீழாகத் தொங்கி மாளவும் கூடும். அய்ல்மர் என்பவர் பெயரால் வழங்கும் பிற்கால முறையில், பித்தளைக் கண் பதித்த கணுக்கால் பட்டை மட்டும் காலில் தங்கும். வாரைப் பறக்கவிடும்போது உருவிவிடலாம். தளை என்ற சொல்லுக்கு இங்கே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது?

மறுப்பும் உண்டு. காட்டில் பிடித்த பறவைக்கு முதல் நாள் வார் விலங்கேதான். இப்னு மன்ளூர் பொய் சொல்லவில்லை. ஷைஸர் கோட்டையின் உஸாமா இப்னு முன்கித் (1095–1188) ‘கிதாபுல் இஃதிபா’ரின் வேட்டைப் பகுதியில் தம் தந்தையார் வளர்த்த பறவைகளை எவ்வளவு பரிவோடு நினைவுகூர்ந்தாலும், அவை பிடிபட்டவை என்பது மாறாது. நம் கண்மாய்க் கரை வல்லூற்றைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, நன்றே.

எனக்குள்ள மனக்குறை நம் மேடைகளைப் பற்றியது. ‘பாலே ஜிப்ரீ’லில் (1935) இக்பால் பாடிய ஷாஹீன் கூடு கட்டாத பறவை, அதன் காலில் வாரே இல்லை. அரபியர் பயிற்றிய பறவையோ வாரோடு வளர்ந்து, வாரைப் பிடித்த கை விட்ட பின்னும் திரும்புவது. இரண்டையும் ஒன்றாக்கி இளைஞர்க்கு உவமை சொல்வோர், கல்வியைப் பற்றிப் பேசுகிறோமா கட்டின்மையைப் பற்றியா என்பதைத் தெளிவுபடுத்துவதில்லை.

மொழிபெயர்ப்போர்க்கு ‘கால்வார்’ என்ற சொல்லே போதும். செருப்பு வார், மத்தள வார் என நமக்குப் பழகியதுதான். ‘ஸிபாகான்’ என இருமையில் வருமிடத்தில் மட்டும் ‘இணைவார்’ என்று பெயர்க்கலாம். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக அவை எப்போதும் இரண்டு.