தேதி மாறுவதும் வண்டி மாறுவதும்

ஆண்டுக் கடைசியில் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இப்போதே எடுத்துவிடலாமா, ஜனவரி வரை பொறுக்கலாமா? கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கும் விடைகள்தான் பெரும்பாலும் பிழையானவை. அவை தேதி மாறுவதையும் வண்டி மாறுவதையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கின்றன. டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் இடையில் மாறுவது பெரும்பாலும் தேதி மட்டுமே. வண்டி மாறும் நாள்கள் வேறு. சில ஏப்ரல் 1-ல் வந்தன. ஒன்று நவம்பர் நடுவில் வந்தது. வரி மாறிய நாளோ நவராத்திரியின் முதல் நாளாக அமைந்தது. தேதி மாற்றத்தையும் வண்டி மாற்றத்தையும் தனித்தனியே நிறுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களில் ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றும் முறையை நிலைநிறுத்திய பிறகு, அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் பெயர் தாங்கிய வண்டி முந்தைய இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் சிறிதோ பெரிதோ ஒரு மாற்றம் இருக்கும். இந்தியாவிலோ ‘2019 மாடல்’ என்றால் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ஆண்டு, அவ்வளவுதான். 2018 டிசம்பரில் வந்ததும் 2019 ஜனவரியில் வந்ததும் ஒரே வார்ப்பாக இருக்கலாம். ஆனாலும் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் முதல் கேள்வி “என்ன மாடல்?” என்பதே. எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஓனர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் ஒரு நாளிலிருந்து எண்ணுகிறது, சந்தை வேறொரு நாளிலிருந்து எண்ணுகிறது. சொந்தக் காரின் பதிவுச் சான்றான ஆர்சிக்கு 15 ஆண்டு என்பது பதிவு செய்த நாளிலிருந்து. கன்சல்டிங்காரர் விலை சொல்வதோ தயாரித்த ஆண்டை வைத்து. டிசம்பர் தள்ளுபடியின் அடிப்படையே இந்த முரண்தான். ஷோரூமில் நிற்கும் வண்டி ஆண்டு திரும்பியதும் ஒரே இரவில் ‘போன வருஷ வண்டி’ ஆகிவிடுகிறது. அதுவரை அதன்மேல் வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 இலையுதிர் காலத்தில் விற்பனையாளர்களின் தேசியக் கூட்டமைப்பான ஃபாடா, கிடங்கில் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கி நிற்பதாகவும் அவற்றின் மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றும் சொன்னது. அந்த டிசம்பரின் தாராளத்துக்குக் காரணம் இதுவே. தள்ளுபடி போலி என்று நான் சொல்லவில்லை. யாருடைய அவசரத்துக்கு அது விலை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

சென்ற மார்கழியில் என் தங்கை கணவரோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். விற்பனைப் பிரிவு இளைஞர் நல்ல பிள்ளை. “சார், ஜனவரியில விலை ஏறுது. இப்ப எடுத்தா நாப்பத்தஞ்சாயிரம் மிச்சம்” என்றார். தாளில் எழுதிக் காட்டச் சொன்னோம். கையில் கிடைக்கும் தள்ளுபடி 20,000. பழைய காரைக் கொடுத்தால் 20,000. குறிப்பிட்ட நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு 5,000. மாப்பிள்ளையிடம் கொடுக்கப் பழைய கார் இல்லை, வேலையும் சொந்தத் தொழில். நாற்பத்தைந்து இருபதாகச் சுருங்கியது.

பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் அவர்களின் யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தோம். மேலே மெல்லிய செம்மண் படலம், கண்ணாடியில் சோப்பால் எழுதிய எண். நான் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. அந்த டயர் அந்த ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில், அதாவது மார்ச்சில் வார்த்தது. வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டபோது இளைஞர் தயங்கினார். பிறகு அடிச்சட்ட எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்து, ஏப்ரல் என்றார். எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியை ‘டிசம்பர் வண்டி’ என்று சொல்லி விற்க வந்திருக்கிறார்கள். இதைக் கேட்காமலே சொல்வதுதான் நேர்மை. “மச்சான், அப்ப வேண்டாமா?” என்றார் மாப்பிள்ளை. கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கணக்கை வாசகரும் சோதித்துப் பார்க்கலாம். ஷோரூம் விலை 8 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைக்கும் தள்ளுபடி 20,000. ஜனவரியில் விலை 2 விழுக்காடு ஏறினால் 16,000. அந்த ஏற்றத்துக்குத் தமிழ்நாட்டின் 13 விழுக்காடு சாலை வரி 2,080. ஆக டிசம்பர் பக்கத்தில் 38,080 ரூபாய். எதிர்த் தட்டில் வைக்க ஓராண்டு மாடல் இழப்புக்கு ஓர் அளவுகோல் வேண்டும். காப்பீட்டுக்கான மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணை பொதுவில் இருக்கிறது: இரண்டாம் ஆண்டு முடிவு வரை 20 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. ஓராண்டு வித்தியாசம் விலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80,000. அட்டவணை சந்தையைவிடக் கடுமையானது என்பதால் அதில் பாதியை எடுத்துக்கொண்டாலும் 40,000 வருகிறது. இரண்டு தட்டும் ஏறக்குறைய சமம். இத்தனை விளம்பரத்துக்குப் பிறகும், நான்கைந்து ஆண்டில் வண்டியை மாற்றுகிறவருக்கு டிசம்பரில் ஆதாயம் எதுவும் மிஞ்சவில்லை.

பத்தாண்டு வைத்திருப்பவருக்குத் தீர்ப்பு வேறு. ஒன்பது வயதுக் காருக்கும் பத்து வயதுக் காருக்கும் விலையை நிர்ணயிப்பது இன்ஜினும் துருவும்தான், ஆண்டு அல்ல. அவருக்கு இன்று கையில் கிடைக்கும் ரூபாய் முழு ஆதாயம்.

இந்தக் கணக்கில் நிறுவனங்களும் வாங்குபவர்களும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மாடல் இழப்பு டிசம்பர் 31 நள்ளிரவோடு முழுதாக விழுந்துவிடுகிறது. அதன்பின் அது வளர்வதில்லை. தள்ளுபடியோ அதற்குப் பிறகும் வளரக்கூடியது. பக்கத்திலேயே புது ஆண்டு வண்டி வந்து நிற்க, வட்டி ஓட ஓட, விற்பவரின் கை இளகும். போன ஆண்டு வண்டியைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தவர் அதை டிசம்பரில் எடுப்பதில் தர்க்கம் இல்லை. ஜனவரி நடுவில் எடுப்பதே பொருத்தம். பதிவும் புது ஆண்டில் விழும். தமிழ்நாட்டில் மார்கழியில் புது வண்டி எடுக்கமாட்டோம், தை பிறக்கட்டும் என்கிறோம். அதை மூடவழக்கம் என்று தள்ளியவர்கள் இந்த ஒரு கணக்கிலாவது மறுபடி யோசிக்கலாம். குறையும் சொல்ல வேண்டும்: அதற்குள் விரும்பிய நிறமும் வேரியன்ட்டும் தீர்ந்திருக்கும், மேலும் ஒரு மாதம் நின்ற பேட்டரி சோர்ந்திருக்கும். பேட்டரியைச் சோதித்துக் காட்டச் சொல்லாமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

விலை ஏற்றம் உண்மையில் கடிக்கும் இடம் வேறு. 2023 நவம்பரில் திருத்திய தமிழ்நாட்டுச் சாலை வரியில் 5 முதல் 10 இலட்சம் வரை 13 விழுக்காடு, அதைத் தாண்டினால் 20 இலட்சம் வரை 18. கோட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அந்த விகிதம். 9,95,000 ரூபாய்க் காருக்கு வரி 1,29,350. அது 10,05,000 ஆனால் 1,80,900. பத்தாயிரம் விலை ஏற்றம் வரியில் மட்டும் 51,550 ரூபாயைக் கூட்டுகிறது. இந்த விளிம்பில் நிற்கும் வண்டிக்கு நான் தயங்காமல் டிசம்பரைப் பரிந்துரைப்பேன்.

இதுவரை சொன்னது தேதி பற்றி. இனி வண்டியே மாறும் தருணங்கள். வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) விதிகளின் மாற்றங்கள்தான் இதில் கடுமையான சோதனை. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 வண்டிகளை விற்கவும் பதியவும் தடை விதித்தது. மிஞ்சிய இரண்டு நாளில் இரு சக்கர வண்டிகள் ஆயிரக்கணக்கில் விலை குறைந்து போயின. பிஎஸ்4-க்கு 2020 மார்ச் 31 கடைசி என்று 2018-லேயே தெரிந்துவிட்டது. அப்போது தள்ளுபடியில் பிஎஸ்4 டீசல் கார் எடுத்தவரை இன்று எப்படி மதிப்பிடுவது? அவருக்குச் சாதகமாகவும் சொல்ல உண்டு. புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி அவர் வண்டியில் இல்லை, நகர ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே கைவிட்டதால், அவர் எடுத்தது மாருதி என்றால் கையில் இருப்பது அந்த வரிசையின் கடைசி. ஆனால் அவர் தில்லியில் இருந்தால், காற்று கெடும் குளிர்கால நாள்களில் அந்தக் கார் தெருவில் இறங்க முடியாது. பிஎஸ்3 பெட்ரோல் காருக்கும் பிஎஸ்4 டீசல் காருக்கும் அங்கே தடை. தள்ளுபடி ஒரு முறை கிடைத்தது, தடை ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. 2023 ஏப்ரல் 1-ம் அப்படியொரு கோடு: சாலையிலேயே புகையை அளக்கும் இரண்டாம் கட்ட பிஎஸ்6 நடைமுறைக்கு வந்ததும், 20 விழுக்காடு எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் புது வண்டிகளுக்கு வந்ததும் அன்றுதான். ஒழுங்குமுறைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் வண்டியை என் அளவுகோல் ஏற்காது.

காத்திருப்பதே எப்போதும் புத்திசாலித்தனம் என்பாரையும் சோதிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்ததும் வாங்கும் கை நின்றது. குறைப்பு செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்தது. சிறிய பெட்ரோல் காருக்கு மேல்வரியோடு 29 விழுக்காடாக இருந்தது 18 ஆனது. விலையில் எட்டரை விழுக்காடு மிச்சம். நான்கு மீட்டரைத் தாண்டிய, 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு 45 என்பது 40 ஆனது. மிச்சம் மூன்றரை விழுக்காடுகூட இல்லை. மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு அப்படியே நின்றது, காத்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கோ 31 என்பது 40 ஆகி ஏறிவிட்டது. சில நிறுவனங்கள் அந்தச் சுமையைத் தாமே தாங்கின என்றாலும் வரிக் கணக்கில் காத்திருந்தவருக்கு நட்டமே. ஒரே காத்திருப்புக்கு நான்கு விதப் பலன். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாத காத்திருப்பை நான் முடிவு என்று ஏற்கமாட்டேன்.

தலைமுறை மாற்றத்துக்கு என் சான்று மாருதியின் டிசையர். 2024 நவம்பர் 11 அன்று அதன் நான்காம் தலைமுறை வந்தது. அந்த அக்டோபரில் ஷோரூமில் நின்றவருக்குப் பழையதா, ஒரு மாதம் பொறுப்பதா என்பதே கேள்வி. புதியதன் குறைகளை மறைக்கக் கூடாது. நான்கு சிலிண்டர் மூன்றாகக் குறைந்தது. சுமார் 90 குதிரைத் திறன் 82-க்கு இறங்கியது. பழைய இன்ஜினின் மென்மையை அறிந்த காதுக்கு இது இழப்புத்தான். மேற்கூரையில் திறக்கும் கண்ணாடியைச் சேர்த்து நிறுவனம் கூத்தாடியதை நான் சாதனையில் சேர்க்கமாட்டேன். மைலேஜ் சான்றளித்தபடி லிட்டருக்கு 22.41-லிருந்து 24.79 ஆனது, ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 43 லிட்டர் மிச்சம். நல்லது, ஆனால் தலைமுறை மாற்றத்தை இது மட்டும் நியாயப்படுத்தாது.

நியாயப்படுத்துவது வண்டியின் கூடு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பழைய டிசையருக்குக் கிடைத்தது இரண்டு நட்சத்திரம். புதியது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 34-க்கு 31.24 புள்ளி எடுத்து ஐந்து நட்சத்திரம் பெற்றது. இரண்டு ஏர்பேக் இருந்த இடத்தில் அடிப்படை வேரியன்ட்டிலேயே ஆறு. ஆரம்ப விலை 6.57 இலட்சத்திலிருந்து 6.79 ஆனது. வித்தியாசம் இருபத்திரண்டாயிரம் ரூபாய். பின் இருக்கையில் குடும்பத்தை உட்கார்த்தி ஓட்டும் காரில் இந்த வித்தியாசத்துக்கு எதிராக எந்தத் தள்ளுபடியையும் என்னால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அக்டோபரில் பொறுத்தவர் சரி. தள்ளுபடிக்காகப் பழையதை எடுத்தவர் பிழை செய்தார்.

என் தீர்ப்பு இதுதான். கூடும் பாதுகாப்பும் மாறப் போகிறதென்றால், அல்லது சட்டக் கோடு ஒன்று வருவது உறுதியென்றால், பொறுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் தேதி மட்டும் மாறுகிறதென்றால், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதே முடிவு செய்யும்: ஐந்தாண்டுக்குள் விற்பவர், கையில் கிடைக்கும் தள்ளுபடியும் ஜனவரி ஏற்றமும் சேர்ந்து விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டாதவரை புது ஆண்டு வண்டியையே எடுக்க வேண்டும். பத்தாண்டு வைத்திருப்பவர் போன ஆண்டு வண்டியைத் தையில் பேரம் பேசி எடுக்கலாம்.

மாப்பிள்ளை இரண்டாவது வகை. தை முதல் வாரத்தில் அதே யார்டில் அதே ஏப்ரல் வண்டி நின்றது. தள்ளுபடி 20,000 அல்ல, 48,000. புது பேட்டரியும் போட்டுத் தந்தார்கள். எடுத்துக்கொண்டார். ஃபார்ம் 21 எனும் விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதமும் ஆண்டும் எழுதும் வரி ஒன்று இருக்கிறது. ஆர்சியிலும் அதுவே ஏறும். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்டு, அடிச்சட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.