இரண்டாவது மேசை

சீட்டாட்டம் நம் பக்கத்துப் பத்திரிகைகளில் இடம்பிடிப்பது பெரும்பாலும் கைதுச் செய்தியாகத்தான். பணம் வைத்து ஆடியவர்கள் இத்தனை பேர், பறிமுதல் இவ்வளவு என்று நாலு வரி வரும். விளையாட்டுப் பக்கத்துக்கு அது ஏறுவதில்லை. ஆனால் 2015 செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் 10 வரை, சென்னை கிண்டியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 22 தேசிய அணிகள் உட்கார்ந்து சீட்டுதான் ஆடின. பரிசு பெர்முடா பௌல், அதாவது பிரிட்ஜின் உலகக் கோப்பை. கோப்பையைத் தூக்கியது போலந்து. அந்த வெற்றியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அஞ்செட்டிக்கும் ஓசூருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பிரிட்ஜ் அணி என்றால் வழக்கமாக ஆறு பேர், மூன்று ஜோடி. இரண்டு ஜோடி ஆடும்போது ஒரு ஜோடி ஓய்வெடுக்கும். சென்னைப் போட்டி தொடங்கும் தறுவாயில் போலந்தின் ஒரு ஜோடிக்கு உலக பிரிட்ஜ் சம்மேளனம் அழைப்பை விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டு பிரிட்ஜ் உலகமே ஏமாற்றுப் புகார்களில் கொதித்துக் கொண்டிருந்தது. நார்வே வீரர் பாயே புரோகெலண்ட் கிளப்பிய புயலில் இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் வராமலே ஒதுங்கின. போலந்து நாலு பேரோடு களமிறங்கியது. முதல் சுற்றில் மட்டும் 21 அணிகளோடு மோத வேண்டும். மாற்றுவதற்கு ஆளில்லை.

அந்த நால்வரில் ஒரு ஜோடியைப் பாருங்கள். பியோட்டர் கவ்ரிஷுக்கு வயது 60. 1984 ஒலிம்பியாட்டில் போலந்துக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் ஆடியவர். எதிரே உட்கார்ந்த மிஹாவ் குளுகோவ்ஸ்கிக்கு 19. தாத்தாவும் பேரனும் மாதிரியான இணை. பக்கத்து அறையில் புராஸ், நர்கியேவிச். இறுதி ஆட்டத்தில் சுவீடனைச் சாய்த்தார்கள். ஆள் குறைந்தால் அணி பலவீனமாகும் என்பது பொது விதி. இங்கே அது பொய்த்ததற்கு நான் காணும் காரணம் ஒன்று உண்டு. யாரை உட்கார வைப்பது, யாரை எழுப்புவது என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை. இரண்டு ஜோடியும் ஆட ஆட ஒருவர் கணக்கு மற்றவருக்குப் பழகிவிட்டது. பிரிட்ஜில் புள்ளி எடுப்பது தனி ஆள் அல்ல, ஜோடி.

அதிர்ஷ்டத்தை எப்படிக் கழிக்கிறார்கள்?

'நல்ல சீட்டு வந்தவன் ஜெயிக்கிறான், இதில் என்ன திறமை?' என்பது வழக்கமான கேள்வி. அணி ஆட்டத்தில் அதற்கு நேரான பதில் இருக்கிறது: இரண்டாவது மேசை.

52 சீட்டையும் நாலு பேருக்கும் 13 வீதம் பிரித்து ஆடி முடித்ததும் அவற்றைக் கலைப்பதில்லை. ஆடிய சீட்டை அவரவர் தம் முன்னாலேயே வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த நாலு கையையும் அப்படியே போர்டு என்கிற தட்டில் செருகி அடுத்த அறைக்கு அனுப்புகிறார்கள். இந்த அறையில் நம் ஜோடி வடக்கு–தெற்கில் உட்கார்ந்திருந்தால், அந்த அறையில் நம் இன்னொரு ஜோடி கிழக்கு–மேற்கில் இருக்கும். ராஜாவும் ஆஸும் குவிந்த கை இங்கே நமக்கு வந்தது என்றால், அங்கே அதே கை எதிரணிக்குப் போகிறது. நல்ல சீட்டு வந்ததற்காக யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதே சீட்டை வைத்து யார் கூடுதலாகச் சாதித்தார் என்பதே கணக்கு.

ஒரு போர்டை அருகில் வைத்துப் பார்ப்போம். இஸ்பேட் துருப்பு. நம் ஜோடியிடம் ஒன்பது இஸ்பேட் இருக்கிறது. ஆஸ், ராஜா, ஜாக்கி மூன்றும் ஒரே கையில். ராணி மட்டும் வெளியே. மற்ற நிறங்களில் மூன்று பிடி எப்படியும் போகும். எனவே துருப்பில் ஒன்றைக்கூட விடாமல் இருந்தால்தான் நாலு இஸ்பேட், அதாவது ஆறுக்கு மேல் நாலாக மொத்தம் பத்துப் பிடி, நிறைவேறும். ஆஸைப் போட்டோம்; இருவரும் சின்னச் சீட்டு போட்டார்கள். கூட்டாளியின் கையிலிருந்து மறுபடி இஸ்பேட் இறக்குகிறோம். அடுத்தவர் மீண்டும் சின்னது போடுகிறார். இப்போது ஜாக்கியைப் போடுவதா, ராஜாவைப் போடுவதா? ராணி யாரிடம்?

நூற்றுக்கு 52க்கு 48 என்று ராஜா பக்கம் கணக்கு லேசாகச் சாய்கிறது. இந்த அறையில் ராஜா விழுந்து ராணி மாட்டியது. அந்த அறையில் எதிரணி ஜாக்கியைப் போட்டு ஒரு பிடி விட்டது என்று வையுங்கள். நமக்கு 620, அவர்களுக்கு 100 அபராதம். வித்தியாசம் 720. அட்டவணைப்படி அது 12 இம்ப், அதாவது அணி ஆட்டப் புள்ளி. நாலு சதவீத வித்தியாசம் ஆட்டத்தையே திருப்பிவிடுகிறது. அன்று ராணி மறுபக்கம் இருந்திருந்தால் சரியாக ஆடியவர்தான் தோற்றிருப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் ஒரு போர்டை வைத்து யாரையும் எடைபோட மாட்டார்கள். 24, 48, 96 என்று ஆடிய பிறகே தீர்ப்பு.

எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் ஏலம் போலச் சொல்லும் கேள்வியிலும் இதே கதைதான். நாம் 'வல்னரபிள்', அதாவது பரிசும் அபராதமும் கூடிய நிலை என்றால், நாலு கேட்டு நிறைவேற்றுபவருக்கு 620. மூன்றோடு நின்று பத்துப் பிடி எடுத்தவருக்கு வெறும் 170. வித்தியாசம் 10 இம்ப் லாபம். கேட்டு ஒரு பிடியில் தவறினால் அபராதம் 100. அடுத்த அறையில் மூன்றோடு நின்றவருக்கு 140. இழப்பு 6 இம்ப். ஆக, நூற்றில் 38 தடவை நிறைவேறும் என்று தோன்றினாலே நாலு கேட்டுவிட வேண்டும். வல்னரபிள் இல்லாத போர்டில் லாபம் 6, இழப்பு 5 என்று சுருங்குவதால் 46 தடவையாவது நிறைவேறும் கை தேவை. புதிதாக ஆட வரும் அணிகள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். தோற்றுவிடுவோமோ என்று மூன்றோடு நிற்பது பத்திரமான ஆட்டம் போலத் தெரியும். அடுத்த அறையின் புள்ளித் தாளைப் பார்த்த பிறகுதான் அதன் விலை தெரியும்.

நமக்கும் இதற்கும்

இந்தியாவுக்கு இதில் சாதனை இல்லாமல் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறை இடம்பெற்றபோது ஆண்கள் இரட்டையரில் கொல்கத்தாவின் பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வாங்கியது. வயது 60, 56. ஆண்கள் அணியும் கலப்பு அணியும் வெண்கலம் பெற்றன. 2023இல் ஹாங்சோவில் ஆண்கள் அணி இறுதிக்குப் போய் ஹாங்காங்கிடம் தோற்று வெள்ளியோடு திரும்பியது. பதக்கம் வருகிறது. ஆட்டம்தான் பெருநகரங்களைத் தாண்டவில்லை.

இங்கிலாந்தில் கவுண்டிக்கு கவுண்டி லீக் உண்டு. நாலு பேர் அணிகள் வேலை முடிந்த மாலையில் எதிரணியின் ஊருக்குப் போய் ஆடிவிட்டு வருகின்றன. அங்கேயும் அங்கீகாரச் சண்டை தீரவில்லை. சென்னைப் போட்டி முடிந்த ஐந்தாம் நாள், 2015 அக்டோபர் 15 அன்று, பிரிட்ஜை விளையாட்டாக ஏற்க மறுத்த அரசு அமைப்பின் முடிவு செல்லும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் லீக் நிற்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 1967இல் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு பிரிக்கும்போது உள்ள அதிர்ஷ்டம் போன்றதே என்று சொல்லி, அதைத் திறமை ஆட்டமாக ஏற்றது. பிரிட்ஜை அளவுகோலாகவே வைத்துப் பேசிய தீர்ப்பு அது. சூதாடிக்கு இரண்டு மேசை ஆட்டம் பிடிக்கவும் பிடிக்காது. கை நிறைய நல்ல சீட்டு வந்தும் காசு வராத இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தில் அப்படியொரு லீக் நடத்த இந்த ஆட்டம் பொருந்துவதற்கு மூன்று காரணம் சொல்வேன். ஒன்று, ஷிப்ட். தொழிற்சாலையில் மூன்று ஷிப்டில் பிரிந்து கிடக்கும் ஆட்களில் பதினோரு பேரைக் கிரிக்கெட்டுக்குத் திரட்டுவது பெரும்பாடு. இதற்கு அணிக்கு நாலு பேர் போதும். 24 போர்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு, வயது. ஓய்வு பெற்ற வாத்தியாரும் ஐடிஐ மாணவனும் ஒரே மேசையில் சமமாக உட்கார முடியும். கவ்ரிஷும் குளுகோவ்ஸ்கியும் அதற்குச் சாட்சி. மூன்று, மொழி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் எல்லை இது. பிரிட்ஜ் கேள்வியில் மொத்தமே 38 சொல்தான்: 35 கேள்வி, பாஸ், டபுள், ரீடபுள். போட்டியில் அவற்றையும் வாயால் சொல்வதில்லை, பெட்டியில் உள்ள அட்டையை எடுத்து வைக்கிறார்கள். குரலை ஏற்றி இறக்கி ஜாடை காட்ட வழியில்லை.

போர்டும் அட்டைப் பெட்டியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துருப்பு, கேள்வி, எதிரே உட்கார்ந்த கூட்டாளி, வெட்டு எல்லாம் இருபத்தெட்டு ஆட்டத்திலேயே இருக்கிறது. அதையே இரண்டு மேசையில் ஆடலாம். 32 சீட்டைப் பிரித்து, ஆளுக்கு முதல் நாலு ஒரு உறை, அடுத்த நாலு ஒரு உறை என்று எட்டு உறையில் போடுங்கள். ஆடியதும் அதே உறைகளில் திருப்பி வைத்து அடுத்த மேசைக்குக் கொடுங்கள். அங்கே உங்கள் கூட்டாளிகள் எதிர்ப்பக்கம் உட்காரட்டும். பத்துக் கை ஆடியதும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். ஊரில் கெட்டிக்கார ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர்களில் சிலருக்கு இத்தனை நாள் சீட்டுதான் கைகொடுத்தது என்று தெரியவரும். இன்னும் சிலர், மோசமான கையிலும் மற்றவரைவிடக் குறைவாக இழந்தவர்கள், முதல் தடவையாகக் கணக்கில் வருவார்கள். லீகுக்கு ஆள் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.